தனியுரிமை அச்சு வலையமைப்புகளும் திறமூலக் கணினிகளும்: ஒரு மூவடுக்கு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

லினக்ஸ் முதலிய திறமூல இயங்குதளங்களில் இயங்கும் கணினிகளை, நோவெல் நெட்வேர், ஆப்பிள்டாக், பழைய விண்டோஸ் ஆகிய தனியுரிமை வலையமைப்புகளின் அச்சுப்பொறிகளோடு இணைக்கும் முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. வலையமைப்பு அச்சிடுதலைப் போக்குவரத்து, வரிசை, பக்க விவரிப்பு என மூன்று அடுக்குகளாகப் பகுத்துக்கொண்டால் இணைப்புச் சிக்கல்களின் இடத்தைத் துல்லியமாக அறியலாம் என்பது இதன் அடிப்படைக் கருத்து. பொதுவில் ஆவணப்படுத்தப்பட்ட நெறிமுறைகள் தம்மை உருவாக்கியோரைக் கடந்து நிலைக்கின்றன. மூடிய நெறிமுறைகளோடு இணைவதற்கான வழி, அதைப் பேணுவோர் இல்லாதபோது அடைபடுகிறது. இவ்வேறுபாடு நிறுவனங்களின் கணினிக் கொள்கைக்கு உணர்த்துவது யாது என்பதும் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திறமூலம், அச்சு வரிசை, நெட்வேர், ஆப்பிள்டாக், சாம்பா, கப்ஸ், நெறிமுறை, ஒருங்குறி.

1. முன்னுரை

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தொடக்கத்தில் ஓர் அச்சுப்பொறி நிற்கிறது. 1980ஆம் ஆண்டையொட்டி, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்திற்குச் செராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதற்கு முன்பிருந்த பொறியின் நிரலை ரிச்சர்டு ஸ்டால்மன் திருத்தி, காகிதம் சிக்கினால் காத்திருப்போர்க்குச் செய்தி சென்று சேருமாறு அமைத்திருந்தார். புதிய பொறியின் மூல நிரல் ஆய்வகத்திற்குத் தரப்படவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரும் ஒப்பந்தத்தைக் காட்டி மறுத்துவிட்டார். இந்நிகழ்வைத் தம் சிந்தனையின் திருப்புமுனைகளுள் ஒன்றாக ஸ்டால்மன் பலமுறை குறிப்பிட்டுள்ளார். 1983 செப்டம்பரில் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார்.

அச்சிடுதல் கணினிப் பணிகளுள் எளியதெனத் தோன்றலாம். ஆயினும் திறமூலக் கணினி ஒன்று பழைய நிறுவன வலையமைப்பில் நுழையும்போது முதலில் தடுமாறும் இடம் பெரும்பாலும் அச்சுப்பொறியே. இதற்குக் காரணம் பொறியன்று. பொறிக்கும் கணினிக்கும் இடையே நிற்கும், ஒரு நிறுவனத்தின் உடைமையாக மூடிவைக்கப்பட்ட நெறிமுறைகளே. அவற்றின் இயல்பையும், அவற்றைக் கடக்கும் வழிகளையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. அச்சிடுதலின் மூன்று அடுக்குகள்

வலையமைப்பின் வழியே ஒரு பக்கம் அச்சாக மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும். முதலாவது, தரவு எந்தப் பாதையில், எவ்வகைப் பொதியாகச் செல்கிறது என்பது. இது போக்குவரத்து அடுக்கு. இரண்டாவது, அச்சுப்பணியை யார் ஏற்கிறார், யாருக்கு உரிமை உண்டு, முறை வரும்வரை அது எங்கே காத்திருக்கிறது என்பது. இது வரிசை அடுக்கு. மூன்றாவது, பக்கத்தின் தோற்றம் எம்மொழியில் பொறிக்குச் சொல்லப்படுகிறது என்பது. இது பக்க விவரிப்பு அடுக்கு. போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் ஆகியன இதற்குரிய மொழிகள்.

தனியுரிமை அமைப்புகள் இம்மூன்றையும் ஒரே கட்டாகப் பயனருக்குத் தந்தன. அதனால் பயன்பாடு எளிதாயிற்று. ஆனால் கட்டினுள் ஒன்றை மட்டும் மாற்ற விரும்பியவர்க்கு வழியில்லாது போயிற்று. திறமூல உலகில் இம்மூன்றும் தனித்தனிக் கருவிகளாக வளர்ந்தன. ஆகவே இணைப்புப் பணி என்பது கட்டைப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிற்கும் உரிய மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவதேயாகும். ஓர் அடுக்கில் வெற்றி பெறுவது மற்றதிலும் வெற்றி பெற்றதாகாது. வழங்கியின் பெயர் திரையில் தெரிவதும், பணி ஏற்கப்படுவதும், பக்கம் சரியாக அச்சாவதும் மூன்று வெவ்வேறு நிகழ்வுகள்.

3. நெட்வேர்: மூடிய கட்டின் முன்மாதிரி

நோவெல் நிறுவனத்தின் நெட்வேர் 1983இல் வெளிவந்து, 1990களின் முற்பகுதியில் அலுவலக வலையமைப்புகளில் முதன்மை பெற்றிருந்தது. அதன் போக்குவரத்து நெறிமுறை ஐபிஎக்ஸ். செராக்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு நெறிமுறைகளிலிருந்து உருவானது. அதன் மேல் என்சிபி எனப்படும் நெட்வேர் மைய நெறிமுறை கோப்பு, அச்சு ஆகிய இரு சேவைகளையும் தாங்கியது.

போக்குவரத்து அடுக்கிலேயே முதல் இடறல் காத்திருந்தது. ஈதர்நெட்டில் ஐபிஎக்ஸ் பொதிகளைச் சுமக்க நான்கு வகைச் சட்டக அமைப்புகள் வழக்கில் இருந்தன. நெட்வேர் 3.11 வரையிலான பதிப்புகள் இயல்பாக ஒன்றையும், 3.12 முதலானவை வேறொன்றையும் கொண்டன. லினக்ஸ் கணினியில் பொருந்தாத சட்டக வகை தெரிவு செய்யப்பட்டால், கம்பி சரியாக இருந்தும் வழங்கி கண்ணுக்குத் தெரியாது, பிழைச்செய்தியும் வாராது. ஒரே கம்பியில் இருவர் வெவ்வேறு உறையில் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தனர் என்பதே உண்மை நிலை.

வரிசை அடுக்கின் அமைப்பு நுட்பமானது. நெட்வேரில் அச்சு வரிசை என்பது கோப்பு வழங்கியில் உள்ள ஒரு கோப்புறை. பயனரின் டாஸ் கணினியில் 'கேப்சர்' என்னும் கட்டளை, உள்ளூர் அச்சு முனைக்குச் செல்லும் தரவைத் திசைதிருப்பி அவ்வரிசையில் சேர்த்தது. அச்சு வழங்கி எனப்படும் தனி நிரல் வரிசையிலிருந்து பணிகளை எடுத்துப் பொறிக்கு அனுப்பியது. ஒவ்வொரு வரிசைக்கும் பயனர், இயக்குநர், வழங்கி என மூன்று பட்டியல்கள் உண்டு. முதல் பட்டியலில் இல்லாதவர் பணியைச் சேர்க்க இயலாது. மூன்றாம் பட்டியலில் இல்லாத நிரல் பணியை எடுக்க இயலாது. எனவே லினக்ஸ் கணினிக்கு நெட்வேரில் ஒரு பயனர் கணக்கு இன்றியமையாதது.

லினக்ஸில் இக்கதவைத் திறந்தது, வோல்கர் லெண்டெக்கே 1990களின் நடுவில் தொடங்கிய என்சிபிஎஃப்எஸ் என்னும் தொகுப்பு. வழங்கிகளைப் பட்டியலிடவும், வரிசைகளைக் காணவும், கோப்பை வரிசைக்கு அனுப்பவும் அதில் சிறு கட்டளைகள் இருந்தன. எதிர்த்திசையிலும் அது பயன்பட்டது: லினக்ஸ் கணினியே அச்சு வழங்கியாக நின்று, நெட்வேர் வரிசையிலிருந்து பணிகளை எடுத்துத் தன்னோடு இணைந்த பொறியில் அச்சிட முடிந்தது. தானியங்கு பணிகளுக்கு நெட்வேர் கடவுச்சொல்லைப் பயனரின் கோப்பொன்றில் எழுதிவைக்க வேண்டியிருந்தது. அக்கோப்பை உரியவர் மட்டுமே படிக்கலாம் என்னும் கட்டுப்பாடு மறக்கலாகாத ஒன்று.

நெட்வேர் 4 வந்தபோது பயனர்ப் பட்டியலுக்கு மாற்றாக மரவடிவ அடைவு ஒன்று புகுத்தப்பட்டது. பழைய முறையில் பேசும் லினக்ஸ் கருவிகளுக்கு, அம்மரத்தின் எந்தக் கிளை பழைய பட்டியலாகக் காட்டப்படுகிறதோ அக்கிளையில் உள்ள வரிசைகளே தெரிந்தன. "வரிசை இருக்கிறது, ஆனால் லினக்ஸில் மட்டும் தெரியவில்லை" என்னும் முறைப்பாட்டிற்கு இதுவே அடிக்கடி காரணமாயிற்று.

4. ஆப்பிள்டாக்கும் விண்டோஸும்

ஆப்பிள் நிறுவனம் 1985இல் லேசர்ரைட்டர் பொறியை அறிமுகப்படுத்தியபோது, போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும் ஆப்பிள்டாக் வலையமைப்பும் அதில் ஒருங்கே அமைந்தன. பொறிகளுக்கு எண் முகவரியை நினைவில் கொள்ள வேண்டுவதில்லை. பெயர், வகை, மண்டலம் ஆகிய மூன்றால் பொறி தன்னை அறிவித்துக்கொண்டது. அச்சுப்பொறி அணுகு நெறிமுறை இருவழி உரையாடலாக இயங்கியது. கணினி தரவை அனுப்பும் முன்னர், "இன்ன எழுத்துரு உன்னிடம் உள்ளதா?" எனப் பொறியை வினவும். இதனால், ஒருவழியாகத் தரவைக் கொட்டிவிட்டு விலகும் யூனிக்ஸ் வழக்கம் இங்கு நேராகப் பொருந்தவில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1990இல் தோன்றிய நெட்டடாக் என்னும் திறமூலத் தொகுப்பு இவ்விடைவெளியை நிரப்பியது. ஆப்பிள் தன் இயங்குதளத்தின் 10.6ஆம் பதிப்பில் (2009) ஆப்பிள்டாக்கைக் கைவிட்டது. நெட்டடாக் 3.0 (2012) பதிப்பும் அதனை நீக்கியது. ஆயினும் பழைய கணினிகளைப் பேணும் ஆர்வலர்களின் உழைப்பால் 2024இல் வெளிவந்த 4.0 பதிப்பில் அது மீண்டும் இடம்பெற்றது. உரிமையாளர் கைவிட்டதைச் சமூகம் மீட்டெடுக்க முடிந்தது, நிரல் திறந்திருந்தமையால்தான்.

விண்டோஸ் வலையமைப்பில் அச்சுப்பொறி, எஸ்எம்பி நெறிமுறையில் பகிரப்படும் ஒரு வளமாக அமைந்தது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் தொடங்கிய பணி, பின்னர் சாம்பா என்னும் பெயர் பெற்றது. கம்பியில் செல்லும் பொதிகளை நோக்கி நெறிமுறையை அறிந்துகொண்ட அம்முயற்சி, மூடிய அமைப்போடு உரையாடத் திறமூலத்தார் கையாண்ட வழிக்குச் சிறந்த சான்றாகும். இன்று இதில் எழும் சிக்கல் வேறு. 2017 மே மாதத்தில் பரவிய வானாக்ரை தாக்குதல் எஸ்எம்பி முதற்பதிப்பைக் கையாண்ட நிரலின் குறையைப் பயன்படுத்தியது. அதன்பின் வந்த விண்டோஸ் பதிப்புகள் அதை இயல்பாக நிறுவுவதில்லை, சாம்பா 4.11 (2019) பதிப்பும் அதை இயல்பு நிலையில் முடக்கியது. பழைய பகிர்வை அடைய அதை மீண்டும் இயக்குவோர், ஒரு பொறிக்காக வலையமைப்பு முழுவதன் பாதுகாப்பைத் தளர்த்துகின்றனர்.

5. எல்பிடி: ஒரு பொதுமொழி

பெர்க்லி யூனிக்ஸில் வளர்ந்த எல்பிடி நெறிமுறை 1990 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 1179 என்னும் ஆவணமாக எழுதப்பட்டது. அதன் எளிமை வியப்பிற்குரியது. கணினி 515ஆம் முனையை அடைகிறது; ஓர் எண்மட்டுக் கட்டளையும் வரிசையின் பெயரும் சொல்கிறது; பின்னர் கட்டுப்பாட்டுக் கோப்பு, தரவுக் கோப்பு ஆகிய இரண்டை ஒப்படைக்கிறது. ஐந்தே கட்டளைகள் போதும்.

எளிமைக்கு விலையும் உண்டு. கடவுச்சொல் இல்லை, அனுப்பும் கணினி 721 முதல் 731 வரையிலான முனைகளுள் ஒன்றிலிருந்து பேச வேண்டும் என்பதே காவல். யூனிக்ஸில் அம்முனைகளை முதன்மைப் பயனரே திறக்க முடியும் என்னும் நம்பிக்கையில் அமைந்த காவல் அது. தனிக்கணினிகளின் காலத்தில் பொருளிழந்தது. இக்குறைகள் இருந்தும், விண்டோஸ் என்டி, நெட்வேருக்கான யூனிக்ஸ் அச்சுச் சேவை, வலையமைப்பு அட்டை பொருந்திய பொறிகள் என எல்லாத் தரப்பும் இதை ஏற்றன. யாரும் யாரிடமும் இசைவு பெற வேண்டாத ஆவணமாக அது இருந்ததே முதன்மைக் காரணம் எனலாம்.

6. கப்ஸ்: மொழிபெயர்ப்பாளர்களின் கூடம்

1999இல் வெளிவந்த ஐபிபி எனப்படும் இணைய அச்சிடு நெறிமுறை, இணையப் பக்கங்களைச் சுமக்கும் நெறிமுறையின் மேல் அமைந்து 631ஆம் முனையைப் பயன்படுத்துகிறது. அதை அடித்தளமாகக் கொண்டு மைக்கேல் ஸ்வீட் உருவாக்கிய கப்ஸ் அமைப்பும் அதே ஆண்டில் வெளிவந்தது. 2002இல் ஆப்பிள் அதனைத் தன் இயங்குதளத்தில் ஏற்றது.

கப்ஸின் அமைப்பு மூவடுக்கு நோக்கிற்குப் பொருந்தி வருகிறது. பக்க விவரிப்பை வடிகட்டிகள் என்னும் நிரல்கள் மாற்றுகின்றன. வரிசையைக் கப்ஸ் தானே காக்கிறது. போக்குவரத்தைப் பின்முனை என்னும் சிறு நிரல்கள் ஏற்கின்றன. எல்பிடி, ஐபிபி, நேரடி முனை ஆகியவற்றிற்கான பின்முனைகள் கப்ஸோடு வருகின்றன. எஸ்எம்பிக்கானது சாம்பாவிலிருந்து வருகிறது. பின்முனை எழுதுவது அரிதன்று. பணி எண், பயனர், தலைப்பு, படிகளின் எண்ணிக்கை, விருப்பங்கள், தேவையெனில் கோப்பின் பெயர் ஆகியவற்றை அது பெறுகிறது. முடிவில் ஓர் எண்ணைத் திருப்புகிறது: சுழி என்றால் வெற்றி, 4 என்றால் வரிசையை நிறுத்துக. நெட்வேருக்கு அனுப்பும் கட்டளையைச் சில வரிகளில் பொதிந்தாலே, அந்தப் பழைய வரிசை மற்றப் பொறிகளைப் போலக் கப்ஸில் தோன்றும்.

7. நான்கு வழிகளும் அவற்றின் தேர்வும்

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு வழிகள் பெறப்படுகின்றன.

அ) பொறியை நேராக அடைதல். 1990களின் பல வலையமைப்பு அட்டைகள் ஐபிஎக்ஸ், ஆப்பிள்டாக், டிசிபி/ஐபி ஆகியவற்றை ஒருசேரப் பேசின. பொறிக்கு ஓர் ஐபி முகவரி தந்து, 9100ஆம் முனையிலோ எல்பிடியிலோ அனுப்பினால் பழைய வழங்கியே தேவையில்லை. இதுவே எளியது. ஆனால் பழைய வரிசை காத்துவந்த உரிமைப் பட்டியலும் பக்கக் கணக்கும் இங்கு மறைகின்றன. நிருவாகத்தின் இசைவின்றி இதைச் செய்தல் தகாது.

ஆ) பழைய வழங்கியைப் பொதுமொழி பேசச் செய்தல். விண்டோஸ் என்டியிலோ நெட்வேரிலோ எல்பிடி சேவையை நிறுவினால் வரிசையும் உரிமைகளும் அங்கேயே நிற்கும்.

இ) இடைநிலைக் கணினி அமைத்தல். ஒருபுறம் பழைய நெறிமுறையும் மறுபுறம் ஐபிபியும் பேசும் ஒரு கணினி, பழமையைத் தன்னுள் அடக்கி மற்றவர்களைக் காக்கிறது. பாதுகாப்புக் குறையுள்ள நெறிமுறைகளுக்கு இதுவே உகந்தது.

ஈ) ஒவ்வொரு கணினியும் பழைய நெறிமுறையைப் பேசுதல். பிற வழிகள் அடைபட்ட பின்னரே இதை நாட வேண்டும். ஒவ்வொரு கணினியிலும் பேண வேண்டிய சுமை இது. மென்பொருள் மறைந்தால் எல்லாக் கணினிகளும் ஒருங்கே நின்றுவிடும்.

8. பக்க விவரிப்பும் தமிழ் ஆவணமும்

முதல் இரண்டு அடுக்குகளும் கடந்த பின்னும் தமிழ் ஆவணம் பிழையாக அச்சாகக்கூடும். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று எண்மட்டுகளைக் கொள்கிறது. 'தமிழ்' என்னும் சொல்லில் ஐந்து குறிகள். ஆகப் பதினைந்து எண்மட்டுகள். இதை வெற்று உரையாகப் பழைய பொறிக்கு அனுப்பினால், எண்மட்டு ஒவ்வொன்றையும் அது தனி இலத்தீன் எழுத்தாகவோ கட்டுப்பாட்டுக் குறியாகவோ கொள்ளும். விளைவது பொருளற்ற குறிகளின் வரிசை. வலையமைப்பு பழுதென்று பலர் மயங்கும் இடம் இது. உண்மையில் போக்குவரத்தும் வரிசையும் தம் கடமையைச் செவ்வனே செய்துள்ளன.

தீர்வு, எழுத்தமைப்பைக் கணினியிலேயே முடித்துவிடுவது. கொம்பும் காலும் உரிய இடத்தில் சேர்ந்த வடிவங்களை எழுத்துருவோடு பொதிந்து போஸ்ட்ஸ்கிரிப்டாக அனுப்பலாம். ட்ரூடைப் எழுத்துருவைப் பொதியும் டைப் 42 வடிவைப் போஸ்ட்ஸ்கிரிப்டின் முதல் நிலைப் பொறிகள் பொதுவாக அறியா. அத்தகைய பொறிகளுக்குக் கோஸ்ட்ஸ்கிரிப்ட் கொண்டு பக்கத்தைப் புள்ளிப்படமாக மாற்றுதல் நலம். அதற்கும் விலையுண்டு. அங்குலத்திற்கு 300 புள்ளி என்னும் அளவில் ஏ4 பக்கம் ஒன்று, சுருக்கப்படாத நிலையில், ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள். அதாவது 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட எண்மட்டுகள். நொடிக்கு 230.4 கிலோபிட் செல்லும் ஆப்பிளின் லோக்கல்டாக் கம்பியில் அது சென்று சேரவே குறைந்தது 38 நொடிகளாகும்.

மற்றொரு பொறியும் உண்டு. நெட்வேரின் கேப்சர் கட்டளை, தரவை உரையெனக் கருதித் தாவல் குறிகளை இடைவெளிகளாக விரிக்கக்கூடும். புள்ளிப்படத்தினுள் அதே எண் மதிப்புடைய எண்மட்டு வந்தால் படம் சிதையும். ஆகவே உரை வரிசை, மாற்றமின்றிக் கடத்தும் வரிசை ஆகிய இரண்டின் வேறுபாட்டை முதலில் உறுதிசெய்தல் வேண்டும். வரிகள் படிக்கட்டுப் போல வலப்புறம் இறங்குவதும் இவ்வடுக்கின் குறையே: யூனிக்ஸ் வரியிறுதிக்கு ஒரு குறியை எழுதுகிறது, பொறி இரண்டை எதிர்நோக்குகிறது.

9. பழுதறியும் ஒழுங்கு

இம்மூவடுக்கு நோக்கு பழுதறிதலுக்கு ஓர் ஒழுங்கைத் தருகிறது. வழங்கியோ பொறியோ பெயரளவிலேனும் தெரியவில்லையெனில் குறை போக்குவரத்தில். சட்டக வகை, முகவரி, முனை ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். தெரிந்தும் பணி ஏற்கப்படவில்லையெனில் குறை வரிசையில். பயனர் கணக்கு, பட்டியல், வரிசையின் பெயரெழுத்து ஆகியவற்றை நோக்க வேண்டும். பணி ஏற்கப்பட்டும் வெற்றுத் தாளோ பொருளற்ற குறிகளோ வருமெனில் குறை பக்க விவரிப்பில். கீழிருந்து மேலாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிப்பவர் விரைவில் விடை காண்பார். அச்சுப்பொறியின் இயக்கியை மீண்டும் மீண்டும் நிறுவுவோர் மூன்றாம் அடுக்கை மட்டுமே தொடுகின்றனர். குறை முதலடுக்கில் இருப்பின் அவ்வுழைப்பு வீணாகும்.

10. முடிவுரை

2018ஆம் ஆண்டில் லினக்ஸின் இயங்குதளக் கருவிலிருந்து ஐபிஎக்ஸும் என்சிபிஎஃப்எஸும் நீக்கப்பட்டன. பேணுவோர் இலர் என்பது காரணம். அவற்றின் வழியே இயங்கிவந்த பொறி ஒன்று, உறுப்பொன்றும் பழுதின்றி, அன்றுமுதல் புதிய கருவுடைய கணினிக்கு எட்டாததாயிற்று. அதே வயதுடைய எல்பிடி பொறியோ இன்றும் அச்சிடுகிறது. இரண்டும் ஒரே காலத்துப் பொறிகளாக, ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்டனவாகவும் இருக்கலாம். வேறுபாடு பொறியில் இல்லை. அதனோடு பேசும் மொழி எழுதிவைக்கப்பட்டிருந்ததா என்பதில் உள்ளது.

திறமூலம் நிலைபேற்றைத் தானாக உறுதிசெய்வதில்லை என்பதும் இதனால் பெறப்படும். என்சிபிஎஃப்எஸ் திறந்த நிரலே. பேணுவோர் இன்மையால் நீங்கியது. ஆப்பிள்டாக் நிரலோ பேணுவோர் வந்தமையால் மீண்டது. திறந்த நிரல் மீட்பதற்கான வாய்ப்பைத் தருகிறது. மீட்பது மனிதர் உழைப்பு. எனவே கல்வி நிறுவனங்களும் நூலகங்களும் கருவி வாங்கும்போது விலையையும் வேகத்தையும் நோக்குவதோடு, அக்கருவி பேசும் நெறிமுறை பொதுவில் ஆவணப்படுத்தப்பட்டுள்ளதா என்றும் வினவுதல் வேண்டும். தம்மிடம் உள்ள பழைய வரிசைகளின் அமைப்பையும், உரிமைப் பட்டியல்களையும், சட்டக வகைகளையும் அவற்றை அறிந்தோர் பணியில் இருக்கும்போதே எழுதிவைத்தலும் கடன். பொறியின் ஆயுள் அதன் உருளையைப் பொறுத்து மட்டும் அமைவதன்று. அதைப் பற்றி எழுதப்பட்ட சொற்களையும் பொறுத்தது.